இணைய விடுதலைத் தூதுவர்

சப்ததீவுப் பல்கலைக்கழகத்தில் உளநலம் இருக்கிறது. இல்லையென்று யாராவது சொன்னால் நிருவாகக் கட்டடத்தின் முதலாம் மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். கதவுக்கு மேலே மூன்று மொழியிலும் எழுதி மாட்டியிருக்கிறது: மாணவர் உளநல மேம்பாட்டு நிலையம். கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் கதிரைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அவற்றுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பதாகைகள், ஒரு குத்துவிளக்கு, போன பட்டமளிப்பு விழாவில் மிஞ்சிய தண்ணீர்ப் போத்தல்கள். எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனால் ஒரு சின்ன மேசை. அந்த மேசையில் பிரேமினி.

பிரேமினி உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், படித்தவர். அந்த நிலையத்தில் அதைப் படித்த ஒரே ஆள் என்பதால் அவருக்குத் தற்காலிக நியமனம். பணிப்பாளர் பேராசிரியர் பரராசசிங்கம் மண்ணியல் படித்தவர் என்பதால் அவருக்கு நிரந்தர நியமனம். "மண்ணும் மனமும் ஒன்றுதான், இரண்டிலும் உப்பு ஏறினால் பயிர் வராது" என்று அவர் பதவியேற்ற அன்று பேசினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். மண்ணிலிருந்து அவர் மனத்துக்கு வந்து சேர்ந்த வழி அவ்வளவு குறுகியது.

நிலையம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. உளநல தினம், உளநல வாரம், உளநல நடைபவனி எல்லாம் பிசகாமல் வந்தன. பிரேமினி வரவேற்பில் நின்று சந்தனம் கொடுப்பார், பிறகு ஓடிப்போய் படம் எடுப்பார். குறை ஒன்றே ஒன்றுதான். நிலையம் திறந்த நாளிலிருந்து ஒரு மாணவரும் வந்து தனக்கு ஏதோ செய்கிறது என்று சொன்னதில்லை. மாணவர்கள் எல்லாரும் நலமாக இருப்பதையே இது காட்டுவதாகப் பணிப்பாளர் ஆண்டறிக்கையில் எழுதினார்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பல்கலைக்கழக மாணவர்களிடையே இணைய அடிமைத்தனம் பெருகிவிட்டதாம், உடனடியாகத் தடுத்து அறிக்கை தரவேண்டுமாம். பணிப்பாளர் உடனடியாகத் தடுத்தார். முதலில் ஓர் இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தினார். கேள்விகள் நீளமானவை. நடுவில் இணைப்பு அறுந்தால் திரும்ப முதலாம் கேள்விக்கே போகும். முழுவதையும் நிரப்பியவர்கள் இவ்வளவு நேரம் இணையத்தில் இருந்தார்கள் என்பதால் அடிமைகள் என்று பதியப்பட்டார்கள். நிரப்பாதவர்கள், பதில் தர இயலாத அளவுக்கு முற்றிய அடிமைகள் என்று பதியப்பட்டார்கள்.

அடுத்ததாக 'மீட்சி' என்றொரு செயலி வந்தது. ஒவ்வொரு மாணவரும் அதைப் போனில் ஏற்றவேண்டும். அது மணிக்கொரு தடவை மணியடித்து, "இப்போது நீங்கள் போனைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும். போனை எடுத்து, பூட்டைத் திறந்து, "இல்லை" என்று அழுத்தவேண்டும். அழுத்தினால் ஒரு பச்சை இலை முளைக்கும். அழுத்தாவிட்டால் பெயர் மஞ்சளாகும். தொடர்ந்து அழுத்தாவிட்டால் சிவப்பாகும். சிவப்பு என்றால் ஆள் கைமீறிப் போய்விட்டார் என்று அர்த்தம்.

இப்படியான காலத்தில்தான் சுலக்சன் என்பவன் நிலையத்தின் கதவைத் தட்டினான்.

சுலக்சன் கரம்பொன்னைச் சேர்ந்தவன். முகாமைத்துவபீடத்தில் இரண்டாம் வருடம். முதலாம் வருடச் சோதனையில் இரண்டு பாடம் பெயில். இது வீட்டில் தெரியாது. தாய் சீதேவி, மகன் கணக்காளர் ஆகிவிட்டான் என்று கனடா வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். பெறுபேறு வந்த நாள் முதல் அவனுக்கு நித்திரை இல்லை. போனைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். யாரோ மீன் வெட்டுவதை, யாரோ கார் கழுவுவதை, தெரியாத மொழியில் யாரோ சண்டை பிடிப்பதைப் பார்த்தான். போனைக் கீழே வைத்தால் அந்த இரண்டு பாடமும் வந்து நெஞ்சில் ஏறி இருந்தன. யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும். அவன் வந்தது அதற்காக மட்டும்தான்.

கதிரைகளுக்கு நடுவே ஒரு பெடியன் தலை தெரிந்ததும் பிரேமினி எழும்பி நின்றார்.

"கதிரை எடுக்க வந்தனீரோ?"

"இல்லை மிஸ். உங்களோட கதைக்க வந்தனான்."

பிரேமினி ஒரு கதிரையை இழுத்து வைத்து, தூசி தட்டி, "இரும் தம்பி. சொல்லும், என்ன செய்யுது?" என்றார்.

"நித்திரை வரேல்லை மிஸ். எந்த நேரமும் போன்தான். போனை வச்சா எனக்கு…"

கதவு திறந்தது. பணிப்பாளர் குத்துவிளக்கு எடுக்க வந்திருந்தார். சங்கதி அறிந்ததும் குத்துவிளக்கை மறந்தார்.

"உண்மையாவே அடிமையோ?"

"ஓம் சேர், அப்பிடித்தான் கிடக்கு."

"தானாவே வந்தனீரோ? ஒருத்தரும் அனுப்பேல்லையோ?"

"இல்லை சேர்."

பரராசசிங்கம் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கிணறு வெட்டியவனுக்குத் தண்ணீர் கண்ட சந்தோசம் அது. "பிரேமினி, படம் ஒண்டு எடும்" என்றார். பிரேமினி, "சேர், பிள்ளை இப்பதான் கதைக்கத் தொடங்கினது" என்றார். "கதைக்கிறது செயலியில பதிஞ்சு வாறதெல்லோ. பதியாமல் கதைச்சால் அது கதைச்சதாய் வராது" என்றார் பணிப்பாளர். படம் எடுக்கப்பட்டது. சுலக்சன் செயலியில் நேரம் கேட்டுப் பதிந்தான். முதலில் ஒரு வாரம் பச்சை இலை சேர்க்கவேண்டும் என்று செயலி சொன்னது.

அந்த ஒரு வாரமும் அவன் மணிக்கொரு தடவை எழும்பி இல்லை, இல்லை என்று அழுத்தினான். முந்தி விடியும்வரை போன் பார்த்துவிட்டு விடிய ஒரு கண் அயர்வான். இப்போது அதுவும் போயிற்று.

வார முடிவில் அவனைக் கூப்பிட்டார்கள். ஆலோசனைக்கு அல்ல. மேசையைச் சுற்றிப் பணிப்பாளர், உதவிப் பதிவாளர் சரோஜினிதேவி, பீடத்தில் பொறுப்பான இன்னும் சிலர் இருந்தார்கள். சுலக்சனை 'இணைய விடுதலைத் தூதுவர்' ஆக நியமிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாகியிருந்தது. தூதுவரின் கடமை, இணையத்தை விட்டுவிட்டதாக நாளுக்கொரு வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது.

"சேர், நான் இன்னும் விடேல்லை. போனை வச்சா எனக்கு…"

"அது போகப்போக விடுவீர். சனத்துக்கு முதல்ல நம்பிக்கையைக் குடுக்கோணும்" என்றார் பரராசசிங்கம்.

"சேட்டு கொஞ்சம் வெளிர் நிறமாய்ப் போடும், தம்பி. கெமராவுக்கு எடுப்பாய் இருக்கும்" என்றார் சரோஜினிதேவி.

மறுத்துப் பேசுகிற பழக்கம் சுலக்சனுக்கு இல்லை. தீவுப்பகுதியில் வாத்திமார் சொன்னால் பிள்ளைகள் ஓம் என்பார்கள், பிறகு வெளியே வந்து யோசிப்பார்கள். அவனும் வெளியே வந்துதான் யோசித்தான். அதற்குள் சுவரொட்டி அச்சுக்குப் போயிருந்தது. சுவரொட்டியில் அவனுடைய முகம் பெரிதாக, "நான் அடிமையாக இருந்தேன். இன்று மீண்டுவிட்டேன்" என்ற வாசகத்தோடு. கீழே பணிப்பாளரின் படம் அதைவிடச் சற்றுப் பெரிதாக. வேலணைச் சந்தி, மண்கும்பான் பஸ் தரிப்பிடம், படகு ஏறும் ஊர்காவற்றுறை யெற்றி என்று ஒட்டாத இடம் இல்லை. உளவளத்துணையில் இரகசியம் காப்பது முதல் விதி என்று பிரேமினி எழுதிக்கொடுத்தார். அந்த வாசகம் நன்றாக இருக்கிறதென்று அதையும் சுவரொட்டியின் அடியில் சேர்த்துக்கொண்டார்கள்.

தாய் போன் எடுத்தார்.

"தம்பி, காரைநகருக்குப் போக யெற்றிக்கு வந்தனான். உன்ர படம் ஒட்டிக்கிடக்கு."

"அம்மா, அது வந்து…"

"நல்லா வந்திருக்கு. பேராசிரியரோட சேர்த்துப் போட்டிருக்கினம். நான் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பிப்போட்டன். சித்தப்பா எல்லாருக்கும் போட்டிட்டார். படிப்பிலயும் நீதான் முதலாய் நிப்பாய் எண்டு எழுதியிருக்கிறார். உன்னை நினைச்சால் பெருமையாய்க் கிடக்கடா."

அவன் போனை வைத்தான். சொல்லவேண்டிய விசயம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது, சொல்லக்கூடிய ஆட்கள் முன்னைவிடக் குறைந்துவிட்டார்கள். அப்போது செயலி மணியடித்தது. இல்லை என்று அழுத்தினான்.

இதெல்லாம் போதாதென்று முகாம் வந்தது. 'இணைய விடுதலை முகாம்', நெடுந்தீவில். அங்கே போன் கவரேஜ் வரும், போகும் என்பதால் மாணவர்களின் மனம் அமைதியடையும் என்று நெடுந்தீவு தெரிவாயிற்று. முகாமை முழுவதும் நேரலையில் காட்டுவதென்றும் அதே கூட்டத்தில் தீர்மானமாயிற்று. இரண்டு தீர்மானங்களுக்கும் இடையில் தேநீரும் றோல்ஸும் வந்ததால் ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கியதும் விளக்கேற்றல். எங்கள் நாட்டில் விளக்கேற்றாமல் ஒரு விசயமும் தொடங்காது, தொடங்கினால் அது நடந்ததாகவும் ஆகாது. குத்துவிளக்கில் ஐந்து திரி. பிரமுகர்கள் அதைவிட அதிகம். யார் எந்தத் திரி என்பது ஏற்கெனவே கூட்டத்தில் சண்டை பிடித்து முடிவானது. முடிவாகாதது சோளகக் காற்று. பணிப்பாளர் முதல் திரியை ஏற்றினார், அணைந்தது. குடை பிடித்தார்கள், குடை மடங்கியது. பதாகையைச் சுற்றிப் பிடித்தார்கள், பதாகை கடலை நோக்கிப் போயிற்று. நெருப்புப்பெட்டி முடியும் மட்டும் பாடுபட்டார்கள். கடைசியில் சரோஜினிதேவிக்கு ஒரு யோசனை வந்தது. பிரமுகர்கள் வரிசையாக வந்து, தங்கள் போனில் இருந்த வெளிச்சத்தைப் போட்டு, ஆளுக்கொரு திரிக்கு நேரே பிடித்தார்கள். நாதஸ்வர இசை இன்னொரு போனில் ஒலித்தது. போனின் பிடியிலிருந்து இளைய தலைமுறையை மீட்கும் முகாம் இவ்வாறு இனிதே ஆரம்பமாயிற்று.

பிறகு பணிப்பாளர் பேசினார்.

"மாணவச் செல்வங்களே, காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது எதை? போனை. ஏன்? இணைய அடிமைத்தனத்துக்கு எதிராக நான் நேற்றுப் போட்ட பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிய. சாப்பிடும்போதும் பார்ப்பேன். வீட்டில் மனைவி பேசும்போதும் பார்ப்பேன். நீங்கள் பார்த்தால் அது அடிமைத்தனம். நான் பார்த்தால் அது கடமை. இந்த வேறுபாட்டை நீங்கள் உணரும் நாளே உங்கள் விடுதலை நாள்."

இந்த இடத்தில்தான் கவரேஜ் போயிற்று. போனது வரவில்லை.

மாணவர்களுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்கள். கஜானி என்ற பெட்டை கிளித்தட்டு விளையாடக் கோடு கீறினாள். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெரியவர்களின் நிலைமைதான் பார்க்கச் சகிக்கவில்லை. பரராசசிங்கம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முருகைக்கல் மதிலின் மேல் ஏறினார். இறங்கி அடுத்த மதிலில் ஏறினார். கை நடுங்கியது. தண்ணீர் கொடுத்த பியோனை ஏசினார். கதிரையில் இருப்பார், எழும்புவார், திரும்ப இருப்பார். கடலில் விழுந்து மீண்ட பதாகையை மாணவர்கள் காய விரித்திருந்தார்கள். அதில் இணைய அடிமைத்தனத்தின் அறிகுறிகள் பெரிய எழுத்தில் இருந்தன: கைநடுக்கம், காரணமற்ற எரிச்சல், ஓரிடத்தில் இருக்கமுடியாமை. பணிப்பாளர் அந்தப் பதாகையைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் போடவென்று வைத்திருந்த மாலையை ஒரு மட்டக்குதிரை வந்து தின்றுவிட்டுப் போனது. அவர் அதையும் கவனிக்கவில்லை.

மதியமாயிற்று. சாப்பாட்டுப் பார்சல் அடுக்கியிருந்தது. சரோஜினிதேவி அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்.

"மிஸ், பசிக்குது" என்றாள் கஜானி.

"வரவு போனிலதான் பதியோணும், பிள்ளை. கவரேஜ் இல்லாததால ஒருத்தரும் பதியேல்லை. சிஸ்டத்தின்படி நீங்கள் ஒருத்தரும் இஞ்ச வரேல்லை."

"முன்னுக்குத்தானே நிக்கிறம், மிஸ்."

"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியேல்லையே. வராத ஆக்களுக்குச் சாப்பாடு குடுத்துப்போட்டு நாளைக்குக் கணக்காய்வில நான்தான் நிக்கோணும்."

மாணவர்கள் யெற்றிக் கடையில் பணிஸ் வாங்கித் தின்றார்கள். பார்சல்கள் வந்தபடியே கட்டோடு திரும்பப் படகில் ஏறின.

இத்தனைக்கும் நடுவில் நமது தூதுவரைக் காணவில்லை. மத்தியானம் ஒரு பூவரச மரத்தின் கீழே இருந்தவன் அப்படியே சரிந்து நித்திரையாகிப் போனான். செயலி மணியடிக்கவில்லை. எழுப்ப ஒருவரும் இல்லை. பெறுபேறு வந்த பிறகு அவன் இப்படி நித்திரை கொண்டதில்லை. பிரேமினி வந்து பார்த்தார். வாயைத் திறந்தபடி கிடந்தான். படம் எடுத்தால் நிலையத்தின் வரலாற்றிலேயே நல்ல படமாக அது இருந்திருக்கும். அவர் எடுக்கவில்லை.

திரும்பும் படகில் பணிப்பாளரும் மற்றவர்களும் போன்களை உயர்த்தியபடி மேல்தட்டில் நின்றார்கள். கீழே, சோத்துப் பார்சல்களுக்குப் பக்கத்தில் பிரேமினியும் சுலக்சனும் இருந்தார்கள்.

"அண்டைக்கு நீர் ஒண்டு சொல்ல வந்தனீர். போனை வச்சா எண்டு. என்ன அது?"

சுலக்சன் மேல்தட்டு ஏணிப் பக்கம் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

"போனை வச்சா எனக்கு, ரெண்டு பாடம் பெயில் எண்டது வந்து நிக்கும், மிஸ். வீட்டில தெரியாது. அம்மா எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறா. நெஞ்சு அடைக்கும். சில நேரம், நான் இல்லாமல் போனால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை எண்டும் வரும். உடன போனை எடுத்திடுவன்."

"செத்துப் போகலாம் எண்டு யோசிச்சனீரோ?"

இப்படி நேரே யாரும் தன்னைக் கேட்பார்கள் என்று அவன் நினைக்கவில்லை. "யோசிச்சனான் மிஸ்" என்றான். சொன்னதும் அழுதான். பிரேமினி அவனுக்கு அழ நேரம் கொடுத்தார். பிறகு கேட்டார், அவன் சொன்னான். பிறகும் கேட்டார். நிலையம் திறந்ததிலிருந்து அது செய்யவேண்டிய வேலை முதல் தடவையாக நடந்தது, அதுவும் பார்சல்களுக்கு நடுவில்.

குறிகட்டுவான் தெரிந்ததும் கவரேஜ் வந்தது. மேல்தட்டில் அத்தனை போனும் ஒரேயடியாகக் கத்தின. சிறிது நேரத்தில் பணிப்பாளர் கீழே ஓடிவந்தார். முகாமைப் பற்றி ஒரு படம்கூட ஏறவில்லை, வரவும் பதியவில்லை, ஆகவே முகாம் நடக்கவில்லை. இப்போதே யெற்றியில் இறங்கித் திரும்ப விளக்கேற்றவேண்டும்.

"பிரேமினி, கெமராவோட முதல் இறங்கும். தம்பி, நீரும் வாரும். போனை வச்ச பிறகு மனம் எப்பிடி அமைதியாய்க் கிடக்கு எண்டு நேரலையில சொல்லோணும்."

பிரேமினி எழும்பவில்லை.

"ஏலாது சேர். நான் வேலையில இருக்கிறன்."

"என்ன வேலை?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இவரோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"கதைக்கிறதெண்டால் பிறகு கதைக்கலாம்தானே. அதுக்குத்தானே நிலையம் எண்டு ஒண்டு வச்சிருக்கிறம்."

யெற்றியில் விளக்கு ஏற்றப்பட்டது. இந்தத் தடவை படம் எடுத்தவர் சரோஜினிதேவி. பிரேமினியும் சுலக்சனும் அதைக் கடந்துபோய் பஸ் ஏறி, வேலணையில் மாறி, கரம்பொன்னுக்குப் போனார்கள். தனியே சொல்ல ஏலாது என்று அவன் சொன்னதால் அவரும் கூடப் போனார்.

சீதேவி குசினியில் இருந்தார். சுலக்சன் இரண்டு பாடத்தைச் சொன்னான். மற்றதையும் சொன்னான், பிரேமினி கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடிந்தது. தாய் அகப்பையை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, "திரும்ப எழுதலாமோ?" என்று கேட்டார்.

"எழுதலாம், அம்மா."

"பின்னை என்னடா. ரெண்டு பாடத்துக்கோ நீ இப்பிடி யோசிச்சனி? கனடாக்காரர் என்னத்தையும் நினைக்கட்டும். நீ எனக்கு இருந்தாப் போதும்."

பிரேமினி ஆசுபத்திரி மனநல வைத்தியரின் கிளினிக் நாளைச் சொல்லி, தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்படி வந்தார். அப்போது அவர் நிலையத்தில் வேலையில் இல்லை. முகாம் நடைபெற்ற வேளையில் கடமையைப் புறக்கணித்து மாணவர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தமைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உரையாடியது உண்மைதான் என்று அவர் பதில் எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதி நியமனத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். பதவி இப்போது வெற்றிடமாக இருக்கிறது. விண்ணப்பங்கள் இணையவழியில் மட்டும் ஏற்கப்படும்.

சுலக்சன் வீட்டில் நிற்கிறான். கிளினிக்குக்குப் போகிறான், றிப்பீற் சோதனைக்குப் படிக்கிறான். மத்தியானம் சாப்பிட்டதும் பாயைப் போட்டுப் படுப்பான். அந்த நேரத்தில் போன் குசினி அலுமாரிக்குள் இருக்கும். அது உள்ளே கிடந்து மணியடிக்கும். "இப்போது நீங்கள் போனைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும். சீதேவிக்கு அது காதில் விழும், அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தமாட்டார்.

அங்கே நிலையத்தின் பெரிய திரையில் அவனுடைய பெயர் முதலில் மஞ்சளாயிற்று, பிறகு சிவப்பாயிற்று. பதிலே இல்லை. தூதுவரே இந்த நிலைக்கு வந்துவிட்டாரே என்று பேராசிரியர் பரராசசிங்கம் உண்மையாகவே மனம் வருந்தினார். இரண்டாவது முகாமுக்கு அனுமதி கேட்டு அன்றே எழுதினார். பல்கலைக்கழகத்தில் ஆகவும் முற்றிய அடிமை என்று அதில் சுலக்சனின் பெயரைப் போட்டிருந்தார். அவன் அப்போது நல்ல நித்திரை.